ஓர் அறைக்கு மட்டும் அனுமதி

சமையலறையில் ஒரு மாற்றம் சேமிக்கப்பட்டது என்று சொல்லிவிட்டு, கணினித் திரையின் மூலையில் எட்டிப் பார்த்த சின்னப் பெட்டி மறைந்தது. அவள் புருவத்தைச் சுருக்கினாள். காலையிலிருந்து அவள் வரைந்துகொண்டிருந்தது ஒரு பல் மருத்துவரின் மாடிப்படியை. எந்தச் சமையலறையையும் தொடவேயில்லை.

வீட்டு வரைபடம் போடுவது அவள் தொழில். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கை பழகட்டும் என்று தானும் மகளும் குடியிருக்கும் இந்த வீட்டையே அளந்து வரைந்திருந்தாள். அறைக்கு ஒரு ஃபோல்டர் என்பது அவர்கள் அலுவலகப் பழக்கம். கூடம், சமையலறை, குளியலறை, படுக்கையறை, அவள் வேலை செய்யும் இந்த மூலை அறை, எல்லாம் தனித்தனியாக இருந்தன. போன வாரம் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்காரன் வந்து மாற்றங்களைத் தானாக நகலெடுத்துச் சேமிக்கும் பேக்கப் செயலியைப் போட்டபோது, எந்தெந்த ஃபோல்டருக்கு அனுமதி என்று அது கேட்டது. அடுப்பில் பால் பொங்கிய அவசரத்தில், "எல்லாத்துக்கும் குடுத்துடு தம்பி" என்று சொல்லிவிட்டு ஓடியிருந்தாள்.

சமையலறைப் படத்தைத் திறந்தாள். மேசையை ஒட்டி அவள் வரைந்திருந்த நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

எழுந்து போய்ப் பார்த்தாள். நிஜ நாற்காலியும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மகள் இழுத்துப் போட்டிருப்பாள் என்று நினைக்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மகள் காய்ச்சலில் மத்தியானமே படுத்தவள். மூலை அறைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். வெளியே மழை சாயங்காலத்தை முன்கூட்டியே இருட்டாக்கிவிட்டிருந்தது. கூரையில் விழும் தண்ணீரின் ஓயாத இரைச்சலுக்கு அடியில், சுவரின் ஈர வாசனைக்கும் கணினியின் சூடான தூசி வாசனைக்கும் நடுவில், குளியலறைப் பக்கமிருந்து அவளுக்கு மிகவும் பழக்கமான ஒரு சத்தம் மெல்ல நீண்டு வந்தது. சர்ர்ர்ர். பிறகு, டக். இரும்பு டேப்பை இழுத்து அளந்துவிட்டுச் சுருளவிடும் சத்தம்.

அவளுடைய டேப் மேசையில், கைக்குப் பக்கத்தில் இருந்தது.

கம்ப்யூட்டர்காரனைப் போனில் அழைத்தாள்.

"தம்பி, அந்த பேக்கப்பை எடுத்துடணும். இப்பவே."

"ஆபீஸ் பாஸ்வேர்டு வேணும்க்கா. சார் நாளைக்குத்தான் வருவாரு. ஏன், என்ன பண்ணுது?"

"என் வீட்டு பிளானை நோண்டுது."

"உங்க வீட்டு பிளானைத் தூக்கிட்டுப் போய் யாருக்கா வீடு கட்டப்போறா?" சிரித்தான். "பிடிக்கலன்னா செட்டிங்ஸ்ல போய் ஒவ்வொரு ஃபோல்டரா டிக்கை எடுத்துடுங்க. ஆனா ஒண்ணாவது விட்டு வைக்கணும். மொத்தமா எடுக்க விடாது."

அவன் வைப்பதற்குள் பெட்டி மறுபடி எட்டிப் பார்த்தது. படுக்கையறையில் ஒரு மாற்றம்.

படத்தில் கட்டிலின் மேல் புதிதாக ஓர் அளவுக்கோடு இருந்தது. இரண்டு முனையிலும் அம்புக்குறி, நடுவில் ஓர் எண். அந்த எண் அவளுக்குத் தெரியும். போன மாதம் மகளைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்திப் பென்சிலால் குறித்தது அவள்தான்.

படுக்கையறைக்கு ஓடினாள். மகள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். எப்போதும் சுருண்டு படுப்பவள், இப்போது மல்லாந்து, கைகளை உடம்போடு ஒட்டிவைத்து, நேராகக் கிடந்தாள். போர்வை காலடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒழுங்காக. நான்காக.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். ஆனால் வாசலுக்குக் கூடத்தைத் தாண்ட வேண்டும். கூடத்தில் சர்ர்ர்ர்.

அவளுக்குப் பயம் வந்தது. அதோடு, அதைவிடப் பெரிதாக, கோபம் வந்தது. என் வீட்டை அளக்க நீ யார்? என் பிள்ளையை அளக்க நீ யார்?

போர்வையை உதறி மகள்மேல் போர்த்தினாள். கதவைச் சாத்தினாள். அடுத்தாற்போல் இருந்த மூலை அறைக்குத் திரும்பி இணைய வயரைப் பிடுங்கினாள். செயலியின் நீல வட்டம் நிற்காமல் சுற்றியது.

"சரி, சுத்து" என்றாள். "எங்க வரைக்கும்னு நான் சொல்றேன்."

படுக்கையறையின் டிக்கை எடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மகள் புரண்டு சுருளும் சத்தம், கட்டிலின் பழைய முனகல்.

குளியலறையை எடுத்தாள். சமையலறையில் நாற்காலி கிறீச்சிட்டது.

சமையலறையை எடுத்தாள். கூடத்தில் டேப் வேகமாக நீண்டது. சுருண்டது. நீண்டது.

கூடத்தை எடுப்பதற்கு முன் அவள் விரல் நின்றது. கூடத்தை விட்டு வைத்தால், அதற்கும் மகளுக்கும் இடையில் ஒரு கதவுதான். விடிவதற்குள் மகள் தண்ணீர் குடிக்க எழுந்து வருவாள், வெறுங்காலோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு.

அவள் எழுந்து மூலை அறைக் கதவை உள்ளே தாழிட்டாள். உட்கார்ந்தாள். கூடத்தின் டிக்கை எடுத்தாள்.

மிச்சம் ஓர் அறை.

"வா" என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கினால் என்ன. "உனக்கு இந்த இடம்தான். வேற எங்கயும் கிடையாது."

மழை மட்டும் கேட்டது. பிறகு அதுவும் தூரத்தில் எங்கோ போனது. ஈர இரும்பின் வாசனை.

படத்தில், அவள் நாற்காலியின் பின்னால், இன்னொரு நாற்காலி.

அவள் திரும்பவில்லை.

சர்ர்ர்ர். பிடரியிலிருந்து இடுப்பு வரை, சில்லென்று, ஓர் இரும்பு நாக்கு. டக்.

"அம்மா?" கதவுக்கு வெளியே மகள். "யார்கூட பேசுற?"

"யாரும் இல்லடா கண்ணு. போய்ப் படு. நான் வேலையா இருக்கேன்."

வெறுங்கால்கள் திரும்பிப் போயின. படுக்கையறைக் கதவு சாத்திக்கொண்டது.

மவுஸின் மேல் இருந்த அவள் கையின்மேல் ஒரு கை வந்து படிந்தது. ஈரமாக. விரல்கள் அவள் விரல்களைவிட நீளம். ஒவ்வொன்றிலும் அளவுக்கோடுகள், கறுப்பாக, நெருக்கமாக. அது அழுத்தியது. திரையில் அம்புமுனை ஊர்ந்தது, படுக்கையறை என்ற எழுத்தை நோக்கி, அதன் பக்கத்து வெற்றுக் கட்டத்தை நோக்கி.

அவள் இரண்டாவது கையையும் மவுஸின் மேல் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பின்னுக்கு இழுத்தாள்.

அதன் இரண்டாவது கையும் வந்தது.