மீதிப் பன்னிரண்டு நிமிடம்

ஐந்தருவிச் சாலையில் அன்று மதியம் பழக்கடைத் தகரக் கூரைக்குக் கீழே நின்றவர்கள்: கடைக்காரி தங்கபுஷ்பம், குளிக்கத் தடை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு கொல்லத்துத் தம்பதி, புனலூரில் எலுமிச்சை இறக்கிவிட்டு மினி லாரியை ஓரங்கட்டியிருந்த பாண்டித்துரை, பஸ்ஸுக்கு நின்ற ஜெயசித்ரா.

சாரல் இல்லை. மழை. தகரத்தில் ஆணி கொட்டியது போல.

பாண்டித்துரையின் போனில் ஒரு மெட்டல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பத்தொன்பது நிமிடப் பாட்டு. ஜெயசித்ரா மழையைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தாள். பெரிய கண்கள்... மை கரைந்து ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அவளுக்குத் தெரியாது. அவன் சொல்லவும் இல்லை.

"இன்னும் எவ்வளவு நேரம் கத்துவாங்க?"

"பதினாறு நிமிஷம். கஷ்டமா இருந்தா தள்ளி நில்லுங்க."

"கஷ்டமில்ல. மூணு பாட்ட ஒட்டி வச்சு ஒண்ணுங்காங்க... அதான் கேட்டேன். நீளப் பாட்டுக்குன்னே இருக்கிற ப்ராக் ராக்ல இப்படி ஏமாத்த மாட்டாங்க. முதல் நிமிஷத்துல வந்த மெட்டு இருபதாவது நிமிஷத்துல வேற ஆளா திரும்பி வரும்."

திரும்பிப் பார்த்தான். குற்றாலத்தில் இப்படி ஒரு பெண்ணா...

"அதுக்குள்ள கீபோர்டுக்காரர் எட்டு நிமிஷம் தூங்கிருவாரே. மெட்டல்ல ஒருத்தன் தூங்க மாட்டான்."

"தூங்க விட மாட்டான்னு சொல்லுங்க."

"ரெண்டு பேரும் சொந்தமா?" என்றாள் தங்கபுஷ்பம்.

"இல்ல ஆச்சி!" இரண்டு குரலும் சேர்ந்து வந்தது.

"பின்ன எதுக்கு இப்படி மல்லுக்கட்டுதிய?"

"நீளம் வேற, தூரம் வேற. அது இவருக்குப் புரியல ஆச்சி."

பாண்டித்துரை போனை அணைத்தான்.

அந்த வரியை அவன் படித்திருந்தான். பத்து வருடத்துக்கு முன், தென்காசி பஸ் ஸ்டாண்டு அருகே மெமரி கார்டில் பாட்டு ஏற்றும் கடை ஒன்று இருந்தது. வேண்டிய பாட்டை அங்கே ஒரு நோட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும். அதில் இரண்டு பேர் பாட்டு கேட்பதை விட்டுவிட்டு, எந்த நீண்ட பாட்டு பெரிது என்று சண்டை போட்டார்கள். ஒருவர் 'புளியங்குடி' என்று கையெழுத்திட்டார், மற்றவர் 'அச்சன்புதூர்'; அந்த வரி அச்சன்புதூர் எழுதியது. சந்தித்ததே இல்லை. கடையில் சாக்கடை நாற்றம் அடிக்கும். அவனுக்கு ஊரிலேயே அதைவிடப் பிடித்த இடம் இல்லை.

'புளியங்குடி' என்று எழுதிவந்த அவன், ஒருநாள் தானே ஒரு நீண்ட பாட்டு செய்து அச்சன்புதூருக்கென்று கடையில் வைத்தான். மறுவாரம் நோட்டில் பதில் இருந்தது. 'முடிக்கத் தெரியாதவர் தொடங்கக் கூடாது.' அவன் அப்புறம் அந்தக் கடைக்குப் போகவில்லை.

இப்போதும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தூரத்தில் பஸ் விளக்கு தெரிந்தது.

"நீங்க... அச்சன்புதூரா?"

அவள் கண் இமைக்கவில்லை. "புளியங்குடி?"

"முடிக்கத் தெரியாத புளியங்குடி."

"ஐயோ... அதுக்கா எழுதுறத நிறுத்துனீங்க?"

"அப்பதான் காலேஜ பாதியில விட்டிருந்தேன். வீட்டுலயும் அதே வார்த்தைதான்."

"பதினோராவது நிமிஷத்துல டப்புனு அறுந்துச்சே. நான் வேற என்ன எழுத?"

"பதினொண்ணா? பாட்டு இருபத்து மூணு நிமிஷம்."

அவள் கை வாய்க்குப் போனது. "கடையில கார்டுல பாட்டு ஏறிக்கிட்டே இருந்துச்சு... பஸ்ஸ எடுத்துட்டான். நான்தான் கார்ட உருவிட்டு ஓடுனேன்." பிறகு மெதுவாக, "பாதின்னு தெரியாமலே பத்து வருஷமா கேக்கேன். அறுந்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன்... இன்னும் ஏதோ வரும்போல இருக்கும்."

பஸ் வந்து நின்றது. "ஏட்டி, வண்டி வந்துட்டு!" என்றாள் தங்கபுஷ்பம்.

நாளை அவள் வேலைக்கு ஓசூர் திரும்பிவிடுவாள். அது அவனுக்குத் தெரியாது. ஆனால் இந்த பஸ் போனால் எல்லாம் போய்விடும் என்பது தெரிந்தது.

"அந்த மீதி உங்களுக்காக எழுதுனது. பேரு தெரியாது, முகம் தெரியாது. கையெழுத்து மட்டும்தான்... அதுலயே விழுந்துட்டேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

கண்டக்டர் விசில் அடித்தார். அவள் அசையவில்லை.

"அந்தப் பாட்டு இருக்கா?"

"லாரில இருக்கு. மீதி பன்னிரண்டு நிமிஷந்தான். தென்காசி போறதுக்குள்ள முடிஞ்சிரும்."

"முடிஞ்சா முதல்லேர்ந்து போடுங்க. எனக்கு அச்சன்புதூர் வரைக்கும் வேணும்." குரல் இறங்கியது. "நீங்க எழுதறத நிறுத்துன பிறகும் ஒரு வருஷம் அந்தக் கடைக்குப் போனேன். பாட்டுக்கு இல்ல."

பஸ் கிளம்பியது.

லாரிக்குள் எலுமிச்சை வாசம். அவள் ஏறி உட்கார்ந்தாள், கதவை இழுத்துச் சாத்தினாள், தானே உள்பூட்டை அழுத்திவிட்டாள்.