தணலுக்கு நாலு நாள் லீவு

கும்மிடிப்பூண்டியில் நந்தினியின் அப்பா வேலை பார்க்கும் இரும்புக் கம்பி ஆலைக்குள் பிள்ளைகள் நுழைய வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அனுமதி. அது ஆயுத பூஜை. மற்ற நாட்களில் வாட்ச்மேன் கலியன் காக்காயிடம்கூட அடையாள அட்டை கேட்பார்.

அந்த ஒரு நாளுக்காக நந்தினி வருடம் முழுக்கக் காத்திருந்தாள். பொரிக்காக இல்லை, சுண்டலுக்காகவும் இல்லை. பெரிய உலைக்குள் அவளுடைய நண்பன் இருந்தான்.

உடும்பு அளவு உடம்பு. முதுகில் இரண்டு குட்டி இறக்கைகள். மூச்சு விட்டால் நெருப்பு. 'தணல்' என்று அவள்தான் பெயர் வைத்தாள். போன பூஜையன்று ஒரு மணி நேரம் பேசினார்கள். அதை அவள் ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா ஓடுற? பொரி வாங்கிக்க!" என்று கத்தினார் அப்பா அரசப்பன்.

"நீ வாங்கி வைப்பா!"

உலையின் சின்னக் கதவைத் திறந்தாள். உள்ளே சூடே இல்லை. மூலையில் சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடந்தான் தணல்.

"இன்னாடா ஆச்சு?"

"நாலு நாளா உலைய அணைச்சி வெச்சிக்கீறாங்க." ஷிப்டு ஆட்கள் பேசுவதைக் கேட்டுத்தான் தணல் தமிழ் கற்றிருந்தான். "போன வாட்டி ஒரு நாள் லீவு. இந்த வாட்டி சனி, ஞாயிறெல்லாம் சேத்து வுட்டுட்டாங்க. உள்ள ரெண்டே பொறிதான் கீது. அதுவும் போச்சின்னா நான் வெறும் கல்லு."

"எப்ப பத்த வைப்பாங்க?"

"நாளைக்குக் காலைல."

அவனுடைய வால் ஏற்கெனவே கல்லாகியிருந்தது. நந்தினி ஓடினாள்.

வாசலில் மேனேஜர் அன்புசெல்வன் முக்கால் மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய காருக்கு ஆளுயர மாலை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம். நாற்காலிக்கு மூன்று பொட்டு. உலைக்கு ஒன்றுமில்லை. கறுப்பான உலைக்குப் பக்கத்தில் நின்றால் போட்டோ எடுப்பாக இருக்காதாம்.

"உழைப்பே என் மூச்சு!" என்றார் மேனேஜர். பிறகு மூச்சு வாங்கியதால் சோடா குடித்தார்.

கற்பூரத் தட்டைப் பிடித்தபடி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார், ஆலையைப் பெருக்கும் ஆரோக்கியமேரி.

"அக்கா, கொஞ்சம் கற்பூரம் குடுங்க. உலைக்கு மட்டும் யாருமே பூஜை பண்ணல."

ஆரோக்கியமேரி திரும்பிப் பார்த்தார். "அட, ஆமா! சோறு போடுறது அது. பொட்டு இன்னாடான்னா நாற்காலிக்கு! இந்தா, நல்லா அள்ளிக்க. இவரு முடிக்கறதுக்குள்ள நான் கடைக்குப் போய் இன்னொரு பாக்கெட் வாங்கிக்கினு வந்துடுவேன்."

தணலின் மூக்கருகே கற்பூரத்தைக் குவித்தாள் நந்தினி. அவன் மெல்ல ஊதினான். ஒரு பொறி பறந்தது. திறந்த கதவு வழியே வந்த காற்று அதை ஊதி அணைத்துவிட்டது.

"இன்னும் ஒண்ணுதான்..." என்றான் தணல்.

"இரு! அவசரப்படாத!"

சுற்றும் முற்றும் பார்த்தாள். சுவரோரம் மேனேஜர் கும்பிட்டுச் சிரிக்கும் பேனர் சாய்ந்திருந்தது. அதை இழுத்து வந்து காற்று வரும் பக்கம் நிறுத்தினாள். அந்தப் பேனர் முதல்முறையாக ஒரு வேலை செய்தது.

"இப்ப ஊது."

கற்பூரம் குப்பென்று பிடித்தது. தணல் ஆசை ஆசையாகத் தின்றான். மூக்கு சிவந்தது, வயிறு சிவந்தது, கடைசியில் வால் நுனி ஆடியது.

"காலை வரைக்கும் தாங்குமா?"

"தாராளமா!" என்றவன் அவளுடைய தோள் பையைப் பார்த்தான். "என்னையும் இட்டுக்கினு போயேன். இங்க தனியா பேஜாரா கீது."

பையில் அவன் சரியாகப் பொருந்துவான். நந்தினிக்கும் அதுதான் ஆசை. ஒவ்வொரு நாளும் அவனோடு பேசலாம். ஆனால் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கேஸ் அடுப்பு. அதையும் தோசை முடிந்ததும் அம்மா அணைத்துவிடுவாள்.

"எங்க ஊட்ல நீ கல்லாயிடுவடா."

பையின் ஜிப்பை மூடினாள். கதவைச் சாத்தும்வரை இரண்டு பேரும் கண்ணை எடுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அப்பா கேட்டார்: "ஏம்மா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற?"

"அப்பா, உலைகிட்ட வேலைக்குச் சேர எத்தினி வயசாவணும்?"

"பதினெட்டு. ஆனா அங்க சூடு தாங்காதும்மா. நீ படிச்சி மேனேஜர் ஆயிடு. ஏசி ரூமு, காரு..."

"வாணாம்பா. எனக்கு உலைதான்."

அவளுக்கு இப்போது பத்து வயது. ஒவ்வொரு பூஜைக்கும் ஒரு விரலாக மடக்கிப் பார்த்தாள். எட்டு விரல் மடங்கியது. இரண்டு விரல் மிச்சம்கூட இருந்தது.