பாய்க்கு அடியில் ஒரு குறட்டை

பாயைத் தூக்கியதும் அவன் எழுந்திருக்க வேண்டும்.

எழுந்திருக்கவில்லை!

பாஸ்டர் எலியா ஃபோனோட்டி பாயின் ஒரு முனையைக் கையில் பிடித்தபடி குனிந்தார்.

"எந்திரிப்பா... மன்னிச்சாச்சு. எந்திரி."

மாங்கெரே தென்கோளத்து ஊர்; ஜூலையில்தான் அங்கே கடுங்குளிர். புல்வெளி முழுக்க உறைபனி. அதன் மேல் ஒரு பெரிய உடம்பு முட்டி போட்டு, முகத்தைத் தரையில் கவிழ்த்து, அப்படியே கிடந்தது.

வேலிக்கு வெளியே கூட்டம். முப்பது செல்போன்கள் உயர்ந்தன.

பாஸ்டர் தோளைத் தொட்டார்.

உடம்பு மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்தது. முகம் நீலம்... வாயோரம் நுரை...

ஒரு பெண் வீல் என்று அலறினாள்.

"ஐயோ! இது ஃபெலெட்டி இல்ல... அவன் அண்ணன் இயாகோபோ!"

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

ஃபெலெட்டி டௌடாய் நான் குடியேறிய இந்த ஊர்ப் பையன். மேடையில் தனியாக நின்று, ஒரு மைக்கை வைத்துக்கொண்டு ஊரையே சிரிக்க வைப்பவன். அந்த நிகழ்ச்சியை எண்பது நிமிஷப் படமாக எடுத்துப் பத்து நாள் முன்பு தியேட்டரில் விட்டார்கள். பெயர் 'ஸாரி சொல்ல மாட்டேன்'. பத்திரிகைகள் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, 'என்ன துணிச்சல்!' என்று எழுதின. சர்ச்சுக்காரர்கள் போஸ்டரைக் கிழித்தார்கள். தியேட்டர் வாசலில் ஒரு பக்கம் டிக்கெட் க்யூ, இன்னொரு பக்கம் ஜெபக் கூட்டம்.

எல்லாம் ஒரே ஒரு ஜோக்கால் வந்த வினை!

பாஸ்டரின் மகன் பௌலோ போன வருஷம் குடித்துவிட்டுக் காரை ஓட்டி, லாரியில் மோதிச் செத்தான். பத்தொன்பது வயசு. அதைத்தான் ஃபெலெட்டி கையில் எடுத்திருந்தான்.

"எங்க பாஸ்டர் இருபது வருஷமா குடிக்காதீங்க, குடிக்காதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தறாரு. அவரு பேச்சைக் கேட்டது ஒரே ஒருத்தன்... எதிர்ல வந்த லாரி டிரைவர்!"

தியேட்டர் குலுங்கியது. மறைப்பானேன், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் வெட்கமாக இருந்தது.

ஸமோவாத் தீவுக்காரர்களான இவர்களிடம் இப்படிப்பட்ட காயத்துக்கு ஒரு வழி உண்டு. இஃபோகா. தப்பு செய்த குடும்பத்தில் யாராவது ஒருவர், விடிகிற நேரத்தில் அந்த வீட்டு வாசலில் மண்டியிட்டு, குடும்பத்தின் மிக உயர்ந்த பாயைப் போர்த்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் பாயைத் தூக்கினால் மன்னிப்பு. தூக்கும் வரை பேச்சும் கிடையாது, எழுந்திருப்பதும் கிடையாது.

இயாகோபோ காத்திருந்தான்.

பிணமாகும் வரை!

*

டிடெக்டிவ் சார்ஜென்ட் ஹினே வந்து இறங்கியபோது, பிணத்தின் மேல் ஒருவன் விழுந்து கட்டிப்பிடித்துக் கதறிக்கொண்டிருந்தான்.

"அண்ணே! எனக்காக மண்டி போட வந்தியே... உன்னைக் கொன்னுட்டாங்களே!"

ஃபெலெட்டி! கேமராக்கள் அவன் கண்ணீரை நெருங்கிப் படமெடுத்தன.

கான்ஸ்டபிள் மனு அவனை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான்.

"போதும்ப்பா, எந்திரி. தடயம் எல்லாம் கலைஞ்சுடும்."

"தடயமா? இன்னும் என்ன தடயம் வேணும்? அந்தப் பாஸ்டர் பொண்டாட்டி ஏழு மணிக்கு கப்பும் கையுமா வந்தா! பக்கத்து வீட்டுக்காரன் போன்ல எடுத்து வச்சிருக்கான். கோக்கோவுல விஷம் வச்சுட்டா!"

ஹினே அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க எங்கேர்ந்து வர்றீங்க, ஃபெலெட்டி?"

"டவுன்லேர்ந்து. ஹோட்டல்ல தூங்கிட்டு இருந்தேன். சேதி கேட்டு ஓடி வந்தேன்."

"ம்."

அவள் வீட்டுக்குள் போனாள்.

பாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுவரில் பௌலோவின் படம், அதற்குப் பூமாலை. பாஸ்டரின் மனைவி லூபே கையைக் கட்டிக்கொண்டு அதன் கீழே நின்றாள்.

"எத்தனை மணிக்கு அவரைப் பார்த்தீங்க, பாஸ்டர்?"

"அஞ்சரைக்கு. ஜன்னல் வழியா."

"பாயைத் தூக்கினது எட்டே முக்கால்! அவ்ளோ நேரம் ஏன்?"

"ஆறரைக்கே போகலாம்னு செருப்பு மாட்டிட்டேன். அப்பதான்... அந்தச் சத்தம்."

"என்ன சத்தம்?"

பாஸ்டரின் தாடை இறுகியது.

"குறட்டை!"

"என்னது?"

"பாய்க்கு அடியில படுத்துக் குறட்டை விட்டான்! செத்துப்போன என் புள்ளைய நாலு பேர் முன்னாடி கேலி பண்ணிட்டு, என் வாசல்ல வந்து தூங்கறான்! கிடக்கட்டும்னு கதவைச் சாத்திட்டேன்."

மனு தலையைக் குனிந்துகொண்டான். அவனும் ஸமோவாக்காரன். அந்த அவமானம் அவனுக்குப் புரிந்தது.

ஹினே லூபே பக்கம் திரும்பினாள்.

"நீங்க கோக்கோ கொண்டு போனீங்களாம்மா?"

"கொண்டு போனேன்."

"வாயை மூடு, லூபே!" என்றார் பாஸ்டர்.

"எதுக்கு மூடணும்? குளிருச்சு. கொண்டு போனேன்."

"குடிச்சாரா?"

"கூப்பிட்டேன். பதில் இல்ல. பேசக் கூடாதுல்ல, அதான் பேசலைன்னு நெனச்சேன். பாய் ஓரத்துல வச்சுட்டு வந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா ஆறிப்போய் அப்படியே இருந்துச்சு. எடுத்துட்டு வந்து கொட்டிட்டேன்."

"கப் எங்கம்மா?"

"கழுவிக் கவுத்துட்டேன்."

ஹினே கண்ணை மூடித் திறந்தாள். ஒரே ஒரு கப்... அதையும் கழுவியாயிற்று!

*

பத்தே முக்காலுக்குப் பிணவறையிலிருந்து போன்.

"டாக்டரம்மா, சொல்லுங்க."

"வயித்துல கோக்கோ இருக்கு, சார்ஜென்ட். அதுல தூக்க மாத்திரை. துண்டு துண்டா, பாதி கரையாமலே கிடக்குது."

"அதுலயே செத்துட்டாரா?"

"இல்ல. அசந்து தூங்கியிருப்பாரு, அவ்ளோதான். ஆனா நூத்தி அம்பது கிலோ உடம்பு... முகம் குப்புற... மேல கனமான பாயி. மூச்சுக்குழாய் அடைச்சுக்கிச்சு. பக்கத்துல இருந்தவங்களுக்குக் குறட்டை மாதிரி கேட்டிருக்கும்."

"குறட்டை இல்லையா அது?"

"உயிர் போற சத்தம். அப்பவே யாராவது பாயைத் தூக்கிப் புரட்டிப் போட்டிருந்தா, இந்நேரம் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டிருப்பாரு."

பாஸ்டரிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருக்க முடியுமா?

அடுத்த போன் இன்ஸ்பெக்டரிடமிருந்து.

"கோக்கோ கொடுத்திருக்கா. கப்பைக் கழுவியிருக்கா. புள்ளையைக் கேலி பண்ணின கோபம் இருக்கு. வேற என்ன ஹினே வேணும்? கைது பண்ணு!"

"சார், கோக்கோ போறதுக்கு முன்னாடியே குறட்டை கேட்டுச்சுன்னு பாஸ்டர் சொல்றாரு. ரெண்டு மணி வரைக்கும் டைம் கொடுங்க."

"புருஷன் சொல்றதெல்லாம் சாட்சியா? ரெண்டு மணி! அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. பக்கத்து ஓட்டாராலேர்ந்து ஆறு கார்ல செத்தவனோட சொந்தக்காரங்க கிளம்பிட்டாங்கன்னு சேதி. அந்தப் பொம்பளை வெளிய இருந்தா அவ உயிருக்கு நான் பொறுப்பில்ல."

லூபே அதற்குள் ஒரு சின்னப் பையில் சேலையும் பைபிளும்... இல்லை, சேலை நம் ஊர்ப் பழக்கம், வாய் தவறிவிட்டது. ஒரு கம்பளிச் சட்டையும் பைபிளும் எடுத்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள்.

"போலாமா, மகளே?"

"கொஞ்சம் பொறுங்கம்மா."

ஹினே வெளியே வந்து மறுபடியும் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"வேற ஏதாவது இருக்கா? எவ்ளோ சின்ன விஷயமா இருந்தாலும் சரி."

"ஒண்ணு இருக்கு... மார்ல உள்ளங்கை அகலத்துக்கு ரோமத்தை மழிச்சிருக்காங்க. இன்னிக்குக் காலைல செஞ்ச மாதிரி இருக்கு. அந்த இடத்துல டேப் ஒட்டின பசை."

"ஆம்புலன்ஸ்காரங்க வேலையா?"

"அவங்க தொடவே இல்லையே. வரும்போதே செத்தாச்சு."

டேப்!

ஹினே மனுவின் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். காலையிலிருந்து ஊரே பகிர்ந்துகொண்டிருந்த வீடியோ. தம்பி அண்ணனைக் கட்டிக்கொண்டு அழும் காட்சி. மெதுவாக ஓட விட்டாள்.

இடது கை அண்ணனின் கழுத்தைக் கட்டியிருந்தது.

வலது கை... சட்டைக்குள்!

மனு வாயைப் பிளந்தான்.

"சார்ஜென்ட்... எதையோ பிச்சு எடுக்கறான்!"

"மைக், மனு. படக்காரங்க மார்ல ஒட்டறாங்களே, அந்தச் சின்ன மைக்."

"மன்னிப்புக் கேட்கப் போறவருக்கு மைக் எதுக்கு? பேசவே கூடாதே!"

"அதைத்தான் கேட்கப் போறோம். வண்டியை எடு!"

*

மத்தியானக் காட்சிக்கு ஹவுஸ்ஃபுல்.

படத்தை எடுத்த டைரக்டர் பிரெட், லாபியில் பாப்கார்ன் கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் வெள்ளைக்காரன். போலீஸைப் பார்த்ததும் இன்னும் வெளுத்தான்.

"மிஸ்டர் பிரெட், காலைல உங்க வேன் எங்க நின்னுச்சு?"

"வேனா? எந்த வேன்?"

"பாஸ்டர் தெருமுனையில நின்ன வேன்."

குருட்டாம்போக்கில்தான் வீசினாள். டவுன் ஹோட்டலில் தூங்கியவன், இவளுக்கு முன்னால் பிணத்தின் மேல் விழ முடியாது. பக்கத்தில்தான் எங்கேயோ இருந்திருக்க வேண்டும்.

பிரெட்டின் கையிலிருந்த கப் நழுவிக் காபி கொட்டியது.

"நான்... நான் கேமரா மட்டும்தான் மேடம். ஐடியா எல்லாம் அவனோடது!"

"என்ன ஐடியா?"

"அடுத்த படத்துக்கு ஒரு சீன். மன்னிப்புக் கேட்க வந்தவன் பாய்க்கு அடியில குறட்டை விடறான். பாஸ்டர் முகத்தைப் படம் புடிக்கணும்... அவ்ளோதான்."

"இயாகோபோவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. மைக் எதுக்குன்னு கேட்டாரு. 'நீ பண்றதைப் பார்த்து நானும் திருந்தணும், பதிவு பண்ணி வச்சுக்கறேண்ணே'ன்னு ஃபெலெட்டி சொன்னான். அந்த மனுஷன் கண் கலங்கிட்டாரு. அப்புறம் இவன் ஃப்ளாஸ்க்லேர்ந்து கோக்கோ ஊத்திக் கொடுத்தான்."

"ரெகார்டிங்கை எடுங்க."

பிரெட் பையிலிருந்து ரெகார்டரை எடுத்துக் கொடுத்தான்.

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஃபெலெட்டி கண்ணாடி முன்னால் நின்று கறுப்பு டை கட்டிக்கொண்டிருந்தான். காட்சி தொடங்குமுன் அண்ணனுக்காக இரண்டு வார்த்தை பேசப் போகிறானாம்!

"அந்தப் பொம்பளையக் கைது பண்ணிட்டீங்களா, சார்ஜென்ட்?"

"அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்கணும், ஃபெலெட்டி. உட்காருங்க."

ஹினே ரெகார்டரை மேஜை மேல் வைத்து அழுத்தினாள்.

முதலில் காற்று. அப்புறம் ஒரு மனிதன் முணுமுணுப்பாக ஜெபிக்கும் குரல். அது மெல்லக் குழறியது. பிறகு அந்தக் குறட்டை... இழுத்து... நின்று... மறுபடியும் இழுத்து...

வேனிலிருந்த கேமராவின் மைக்கும் ரெகார்டரில் சேர்ந்திருந்ததால், உள்ளே இருந்தவர்களின் பேச்சும் அதிலேயே பதிவாகியிருந்தது.

"பிரமாதம்! அண்ணன் பின்றான்டா!" ஃபெலெட்டியின் சிரிப்பு.

பிரெட்டின் குரல்: "டேய்... மூச்சு சரியில்லடா. போய் எழுப்பலாமா?"

"போனா ஷாட் கெட்டுடும். சும்மா இரு!"

குறட்டை இளைத்தது. இடைவெளி நீண்டது. நின்றே போனது.

காலடிச் சத்தம். ஒரு பெண்ணின் குரல், பாய்க்கு மிக அருகே.

"தம்பி... ஃபெலெட்டி... கோக்கோ கொண்டாந்திருக்கேன், சூடு ஆறறதுக்குள்ள குடிச்சுடு. பாஸ்டர் கோபமா இருக்காரு. ஆனா வருவாரு. நான் உன்னை மன்னிச்சுட்டேன்ப்பா. உங்கம்மா உயிரோட இருந்தா, என் புள்ளைக்கு அவங்களும் இதைத்தான் செஞ்சிருப்பாங்க."

அவள் பேசிக்கொண்டிருந்தது ஒரு பிணத்தோடு.

ஹினே நிறுத்தினாள். மனு சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தான்.

ஃபெலெட்டி நாற்காலியில் சரிந்திருந்தான். டை பாதி முடிச்சில் தொங்கியது.

"எனக்குத் தெரியாது... தூங்குவான்னுதான் நெனச்சேன். சத்தியமா! என் சொந்த அண்ணன்! நான் கொல்லுவேனா?"

"நீ கொல்ல நெனைக்கலடா. அவன் மூச்சுத் திணறினப்போ உனக்கு ஷாட் பெரிசாப் போச்சு. அவன் செத்ததும் மைக்கைப் பிச்சு ஒளிச்சே. அப்புறம் உன்னை மன்னிச்ச அந்த அம்மா மேலயே கொலைப்பழியைப் போட்டே!"

"படத்தை நிறுத்திடுவாங்கன்னு பயந்துட்டேன்..."

ஹினே மனுவைப் பார்த்தாள்.

"லூபேம்மாவுக்குப் போன் பண்ணு. பையைப் பிரிச்சு வைக்கச் சொல்லு. ஓட்டாராக்காரங்களுக்கு இந்த ரெகார்டிங்கைக் கேட்க விடு."

"பாஸ்டர் கிட்ட?"

"அது என் வேலை. நானே போய்ச் சொல்றேன்."

விலங்கு 'க்ளிக்' என்றது. வெளியே அரங்கத்தில் ஆயிரம் பேர் கைதட்டி அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஃபெலெட்டி கதவை ஏக்கமாகப் பார்த்தான்.

"சார்ஜென்ட்... அது வெறும் ஜோக்கு! ஜோக்கு சொன்னதுக்காக என் வாழ்க்கையே போயிடுமா? இனிமே நான் யார் முன்னாடி பேசுவேன்?"

ஹினே அவன் தோளில் கை வைத்துத் தள்ளினாள்.

"கவலைப்படாதே! ஜெயில்ல போய்ப் பேசு. எவ்ளோ மட்டமா ஜோக்கு சொன்னாலும் ஒருத்தன் கூடப் பாதியில எந்திரிச்சுப் போக முடியாது!"