அமுக்கிப் பிடித்த கை

தொடை இடுக்கை அமுக்கிக்கொண்டிருந்த கையில் ரப்பர் உறை இல்லை. அதுதான் நல்லசிவத்துக்கு முதலில் உறுத்தியது.

காலையில் அந்த இடுக்கு வழியாகத்தான் கம்பி விட்டு, இடுப்புக்குள் சுருங்கிக் கிடந்த ரத்தக்குழாயைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். பாண்டி பஜார் ஜவுளிக்கடையிலிருந்து பனகல் பார்க் போவதற்குள் மூன்று இடத்தில் கால் கடுத்து நின்ற மனுஷன். தை மாதம் மகள் கல்யாணத்தில் பந்தி பந்தியாக நடந்து விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

"கம்பி விட்ட டியூபைச் சாயங்காலம் உருவிட்டு, ஒருத்தர் இருபது நிமிஷம் கையால அமுக்குவாங்க. கை விட்டுச்சுன்னா ரத்தம் பீச்சி அடிக்கும், உசுருக்கே ஆபத்து. தலையைத் தூக்கவே கூடாது அண்ணாச்சி" என்று நர்ஸ் ஆரோக்கியமேரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

அதனால் ஃபேனையே பார்த்துக் கிடந்தார். கரண்ட் இல்லை. மயிலாப்பூர் ஆஸ்பத்திரி அறையில் மூன்றரை மணிக்கே மழை இருட்டு. ஜன்னல் தகரத்தில் தண்ணீர் கொட்டும் சத்தம், டெட்டால் நெடி, அதற்கும் அடியில் நாள்கணக்காகக் காயாத துணியின் வாடை. கண் அசந்தபோது யாரோ டியூபை உருவியது சுருக்கென்று எழுப்பியது. அதிலிருந்து இந்தக் கை. ஜில்லென்று.

"தம்பிக்கு எந்த ஊரு?"

ஃபேனைப் பார்த்தபடியே மறுபடி கேட்டார்.

"என்னவே, வாயில கொழுக்கட்டையா?"

எதிர்ச்சுவர்க் கடிகாரத்தில் நாற்பது நிமிஷம் ஓடிவிட்டது. அந்தக் கை ஒரு தடவைகூட மாறவில்லை. சலிக்கவில்லை. அறையில் ஒரே ஒரு மூச்சுதான் கேட்டது. அவருடையது.

கதவு திறந்தது.

"அண்ணாச்சி, டியூப் எடுக்க முருகன் சார் இப்பத்தான் படியேறி வர்றார்..."

ஆரோக்கியமேரியின் பேச்சு நின்றது. தட்டில் கிடந்த டியூபைப் பார்த்தாள். பிறகு அவர் தொடையை.

"சிஸ்டர்... இங்க யாரு நிக்கிறது?"

தானே அமுக்கப் பதறிக் கை நீட்டினாள். தோலுக்கு இரண்டு விரற்கடை மேலே எதன் மேலோ மோதி அவள் கை நின்றது.

"மாதாவே!"

பயம் தாங்கவில்லை. தலையைத் தூக்கிவிட்டார்.

ஆள் இல்லை. தொடைச் சதையில் ஐந்து குழி. ஆழமாக.

"விட்டுராதீங்கய்யா! விட்டுராதீங்க..."

சுண்டுவிரல் குழி மெல்ல மேடேறி நிரம்பியது. பிறகு, அதற்கு அடுத்தது.