சிவப்பு வயரின் இடம்

சிவப்பு வயர் இன்றைக்கும் ஒரு ஓட்டை தள்ளியிருந்தது.

பெர்மெத் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அடுப்பறைச் சுவரில் ஆணியில் தொங்கிய அந்த வெள்ளைப் பலகையின் ஓரத்தில் வரிசைக்கு வரிசை எண் அச்சிட்டிருக்கும். போன வாரத்துக்கு முந்தின வியாழன் பதிமூன்று. போன வியாழன் பதினான்கு. இப்போது பதினைந்தில் செருகி நின்றது. வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். கணவர் குபாத் கீழே தொங்கும் பேட்டரியை மாற்றுவாரே தவிர, பலகைமேல் விரல் படவிடமாட்டார்.

மகள் ஐசாதா செய்தது அது. பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்தாள். பிஷ்கெக் ஓரத்தில் இந்தக் குடியிருப்பு முழுக்க நிலக்கரி அடுப்புதான். வாசனையே இல்லாத அந்த நச்சுக் காற்று குளிர்காலத்துக்கு ஒருவரையாவது தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். அது வந்தால் கூவுகிற கருவியை, பிரெட்போர்டு என்கிற அந்த ஓட்டைப் பலகையில் வயர்களைச் செருகியே செய்து முடித்திருந்தாள். பரீட்சை முடிந்ததும் ஒழுங்காக ஈயத்தால் பற்றவைத்துப் பெட்டியில் போடுவதாக எண்ணம்.

"அதுவரைக்கும் எதையும் தொட்டுடாதேம்மா" என்றாள். "ஒரு ஓட்டை தள்ளிப் போனாலும் இது ஊமை. நம்ம அப்பா மாதிரி, இடம் மாறினா வாயே திறக்காது."

பெர்மெத் தொட்டாள். வியாழன்தோறும் சாயங்காலம், செத்துப்போனவர்களுக்காக ரொட்டி பொரிப்பது அங்கே வழக்கம்; அந்த எண்ணெய் வாசம்தான் அவர்களுக்குச் சாப்பாடு. கருவிக்கோ எண்ணெய்ப் புகையும் நச்சுக் காற்றும் ஒன்றுதான். அடுப்பறையில் சட்டி காய்ந்ததுமே அது காது கிழியக் கூவ, கரண்டியும் கையுமாக நின்றவள் எரிச்சலில் சிவப்பு வயரைப் பிடுங்கினாள். பொரித்து முடித்ததும் நினைவாகத் திருப்பிச் செருகவும் செய்தாள். பச்சை விளக்கு எரிந்தது. எரிந்தால் சரிதானே என்று போய்விட்டாள்.

அன்று ராத்திரி குபாத் சூடு போகாமலிருக்க, அடுப்புக் குழாயிலுள்ள புகைக்கதவைச் சீக்கிரமே மூடினார். ஐசாதா அடுப்புக்குப் பக்கத்துக் கட்டிலில் தூங்கினாள். எழவில்லை.

நாற்பதாம் நாள் சடங்குக்கு அவளோடு படித்த ஒரு பெண் வந்து பலகையைப் பார்த்தாள். சிவப்பு வயர் தப்பான ஓட்டையில் இருக்கிறது, பச்சை விளக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஐசாதா எப்படி இதைக் கவனிக்காமல் விட்டாள் என்று கேட்டு அழுதாள். பெர்மெத் குனிந்தபடி தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். சரிசெய்து தருகிறேன் என்று அந்தப் பெண் கையை நீட்டியபோது குபாத் விடவில்லை. "என் பொண்ணு கை வச்சது. தப்போ சரியோ, அப்படியே இருக்கட்டும்."

அது பொண்ணு கை வைத்ததில்லை என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். பச்சையா எரியுதேன்னு நம்பித்தானே மூடினேன் என்று அவர் சுவரைப் பார்த்துப் புலம்பும்போதெல்லாம் அந்த இரண்டு வார்த்தை அவள் தொண்டைவரை வந்து திரும்பிப் போனது. மனுஷன் பாதியாக இளைத்துவிட்டார். பாவி, பெற்ற மகள்மீதே பழியைப் போட்டுவிட்டுச் சோறு தின்கிறேன் என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டாளே தவிர, சொல்லவில்லை.

இப்போது வயர் நகர்கிறது. வியாழனுக்கு ஒரு ஓட்டை.

அவள் அதைப் பிடுங்கினாள். அடுப்பைத் திறந்து கரிக்குள் எறிந்தாள். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் மூக்கில் ஏறியது.

நான்கு மணிக்கு குபாத் சந்தையிலிருந்து வந்தார். வெளியே காற்று துளியும் இல்லை; ஊர்ப் புகையெல்லாம் மேலே ஏற மனமில்லாமல் கூரைகள்மேல் படுத்துக் கிடந்தது. இப்போதெல்லாம் அவர் புகைக்கதவை மூடுவதே இல்லை; மூடாவிட்டாலும் இப்படிப்பட்ட நாளில் குழாய் புகையை இழுக்காது. கொஞ்ச நேரம் சாய்கிறேன் என்று மகளின் கட்டிலுக்குப் போனார். பெர்மெத் நடுக்கதவைச் சாத்திவிட்டு, பின்கட்டில் மின்அடுப்பைப் போட்டு மாவை உருட்டினாள். அடுப்பறையில் பொரிப்பதை அவள் என்றோ விட்டிருந்தாள்.

எண்ணெய் இரைந்தது. முதல் ரொட்டி உப்பி, சிவந்து, புரண்டது. அந்தக் கனத்த வாசம் சன்னலில் பட்டு நீராக வடிந்து, கதவிடுக்கு வழியே அடுப்பறைப் பக்கம் போனது. அந்த இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது.

டிக்.

வயரின் கால் ஓட்டைக்குள் இறங்கும் சத்தம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஐசாதா இரவெல்லாம் செருகிக்கொண்டிருந்த நாட்களில் கேட்டுப் பழகியது.

டிக். கொஞ்சம் இடைவெளி. டிக்.

நான்காவது ரொட்டியைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். இனி தாங்காது என்று தோன்றியது. கதவுக்கு அருகில் போய் நெற்றியை மரத்தில் சாய்த்தாள்.

"ஐசாதா அப்பா," என்றாள். "முழிச்சிருக்கீங்களா? அந்த வயரை மாத்திக் குத்தினது நான்தான். புள்ள இல்ல. நீங்களும் இல்ல. நான்."

சொல்லிவிட்டாள். இத்தனை நாள் உள்ளே உருண்டது வெளியே விழுந்துவிட்டது. திட்டட்டும். அடிக்கட்டும். காத்திருந்தாள்.

காதை மரத்தில் ஒட்டினாள்.

டிக்.

கதவைத் திறந்தாள். வெதுவெதுப்பான காற்று. எந்த வாசனையும் இல்லாத காற்று. தலை சட்டென்று கனத்தது.

ஆணி காலியாக இருந்தது. கட்டிலின் ஓரத்தில் ஐசாதா உட்கார்ந்திருந்தாள். மடியில் பலகை. பச்சை வெளிச்சம் கீழிருந்து அவள் முகத்தில் அடித்தது. நகம் பெயர்ந்து போன விரலை ஒவ்வொரு ஓட்டையாக அழுத்திக்கொண்டிருந்தாள். அவசரமாக. அழுதுகொண்டே.

அவள் நிமிர்ந்தாள்.

"சிவப்பு வயர் எங்கேம்மா? அப்பா எழுந்திருக்கவே மாட்டேங்கறாரு."

பெர்மெத் அடுப்பின் பக்கம் திரும்பினாள். அந்தக் காற்றில் அப்படியே தரையில் சரிந்தாள். பின்கட்டில் எண்ணெய் கருகத் தொடங்கியது.

ஐசாதா மறுபடி குனிந்தாள். பதினாறு. டிக். பதினேழு. டிக். குபாத்தின் கை அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் விரிந்து கிடந்தது. அசையவில்லை.

பதினெட்டு.