ஓகிதானியில் திரும்பிய சீட்டு

பிணம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது.

தொப்பி மூக்குவரை இறங்கியிருந்தது. கைகள் மடியில். முன்னாலிருந்த குட்டி மேஜையில் ஒரு டிஷ்யூ பேப்பர்... அதன்மேல் ஒரு துண்டு உலர்ந்த மாம்பழம்!

இன்ஸ்பெக்டர் நிஷிவாகி குனிந்து, கையுறை போட்ட விரலால் தொப்பியை உயர்த்தினாள். நாற்பத்தைந்து வயதில் எத்தனையோ பிணங்களைப் பார்த்தவள்தான். இருந்தாலும் அந்தத் திறந்த கண்களைப் பார்த்ததும் தொப்பியை மறுபடி இறக்கிவிட்டாள்.

"பேரு குசகாபே," என்றான் உதவியாளன் ஒனோதெரா. "இந்த ஷிராதகே ஊர்லயே பெரிய வெந்நீர் ஊற்று விடுதி இவரோடதுதான். நகோயாவுல ஏறியிருக்கார். கடைசி ஸ்டேஷன் வந்தும் எறங்கல. பெட்டி கூட்ட வந்த அம்மாதான் பாத்திருக்காங்க."

"காயம் எங்கே?"

"பிடரியில பாருங்க மேடம்."

பார்த்தாள். கொசு கடித்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. அவ்வளவுதான்.

"மீன் கொல்ற ஊசி," என்றான் ஒனோதெரா. "சமையல்காரங்க மீன் மூளையில ஒரே குத்தா இறக்குவாங்களே, அது. கத்தறதுக்குக்கூட மனுஷனுக்கு நேரம் கெடைச்சிருக்காது."

"ஊசி கெடைச்சுதா?"

"கெடைச்சுது. பக்கத்து சீட்டுக்காரியோட பையில. தாய்லாந்துப் பொண்ணு. ஊர் சுத்திப் பாக்க வந்திருக்கா."

நிஷிவாகியின் பார்வை அந்த மாம்பழத் துண்டுக்குப் போனது.

"இது யாரு வெச்சது?"

"அவதான். கொன்னுட்டுப் படையல் போட்டுட்டா போல."

"வாயை மூடு, ஒனோதெரா."

*

செல்போன் அதிர்ந்தது. மேலதிகாரி.

"என்ன நிஷிவாகி, ஊசி அவ பையிலயே இருக்காமே. இன்னும் என்ன யோசனை?"

"காரணம் இல்லையே சார். அவளுக்கும் அந்தாளுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதை அவளே சொல்லுவா. உள்ள வெச்சா எல்லாரும் சொல்லுவாங்க. இலையுதிர் சீசன். ஊரெல்லாம் டூரிஸ்ட். சாயங்காலம் பத்திரிகைக்காரங்களுக்கு நான் என்னத்தைச் சொல்றது? கைது பண்ணு."

வைத்துவிட்டார்.

நிஷிவாகிக்கு எரிச்சல் மூண்டது. கைது என்று ஒருமுறை ஆகிவிட்டால் போதும். அதற்கப்புறம் டிபார்ட்மென்ட்டில் யாரும் கொலைகாரனைத் தேட மாட்டார்கள். வாக்குமூலத்தைத்தான் தேடுவார்கள். அந்தப் பெண் தன் ஊரை மறுபடி எப்போது பார்ப்பாளோ... சாயங்காலத்துக்குள் வேறு ஏதாவது கிடைத்தாக வேண்டும்.

*

ஸ்டேஷன் மாஸ்டர் அறை.

நரிசரா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். இருபத்து நாலு வயது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. காலுக்கடியில் முதுகுப் பை இருந்த இடம் காலி; அது இப்போது போலீஸ் பிளாஸ்டிக் உறைக்குள்.

அவளுக்குப் பக்கத்தில் அகுட்சு. ஐம்பத்தெட்டு வயது. ஊர் சுற்றுலா மையத்தில் வழிகாட்டி. நல்ல ஆங்கிலம். அதே ரயிலில், முன்பதிவு இல்லாத முதல் பெட்டியில் வந்து இறங்கியவர். பிளாட்பாரத்தில் அமளியைப் பார்த்துத் தானாகவே வந்து, தலை குனிந்து, "நான் ஏதாவது உதவலாமா?" என்று கேட்டிருந்தார். பட்டணத்திலிருந்து போலீஸ் மொழிபெயர்ப்பாளர் வந்து சேர இரவாகும். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

நிஷிவாகியின் ஆங்கிலம் 'தேங்க்யூ'வோடு நின்றுவிடும்.

"பக்கத்துல உக்காந்தவரோட சண்டை ஏதாவது வந்துதான்னு கேளுங்க."

அகுட்சு கேட்டார். பெண் பதறிக்கொண்டு என்னவோ சொன்னாள்.

"பெட்டியை வழியில வெச்சதுக்கு அவர் திட்டினாராம். கோபம் வந்துதாம்," என்றார் அகுட்சு, வருத்தமாக.

ஒனோதெரா குறித்துக்கொண்டான்.

"நடுவுல ஓகிதானி ஸ்டேஷன்ல வண்டி நின்னப்போ எங்கே இருந்தா?"

இந்தக் கேள்விக்கு அவள் நிறையப் பேசினாள். கதவைக் காட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டுத் தலையை ஆட்டினாள். அப்புறம் ஆள்காட்டி விரலைக் காற்றில் நிறுத்தி... மெல்ல ஒரு அரைவட்டம் போட்டாள்.

"சீட்டை விட்டு எழுந்திரிக்கவே இல்லைங்கறா," என்றார் அகுட்சு.

"இவ்வளவு நேரம் பேசினாளே. இவ்வளவுதானா?"

"பாதி அழுகை மேடம்."

நிஷிவாகி அவரையே பார்த்தாள். அவர் மேஜையில் கோணலாகக் கிடந்த பேனாவை நேராக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"பாவம், உங்களுக்கும் தொண்டை காஞ்சிருக்கும். வெளிய போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்களேன்."

"உங்களுக்கும் கொண்டு வரட்டுமா?"

"வேண்டாம். நிதானமா வாங்க."

கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. நிஷிவாகி செல்போனை எடுத்தாள். மொழிபெயர்க்கும் செயலி. தாய் மொழியைத் தேர்ந்தெடுத்து, போனைப் பெண்ணின் முன்னால் வைத்து, விரலால் அதே அரைவட்டத்தைப் போட்டுக் காட்டினாள்.

பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. தன் சொந்த மொழியில் மடமடவென்று கொட்டினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, உயிரில்லாத குரலில் போன் பேசியது.

"நான் கழிவறை வரிசையில் நின்றேன். பையை இருக்கையில் விட்டுவிட்டுப் போனேன். ஜப்பானில் யாரும் தொட மாட்டார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். சுரங்கம் வந்தது. பிறகு வண்டி நின்றது. நான் திரும்பி வந்தபோது எல்லா இருக்கைகளும் எதிர்ப்பக்கம் பார்த்தன. என் இருக்கையும்தான். அது தானாகத் திரும்பிக்கொள்ளும் என்று நினைத்தேன். உங்கள் நாட்டில் கழிவறை மூடி கூடத் தானாகத் திறக்கிறதே."

ஒனோதெரா சிரித்துவிட்டான்.

உடனே சிரிப்பு நின்றது.

"பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார்," என்றது போன். "எழுந்ததும் சாப்பிடட்டும் என்று மாம்பழம் வைத்தேன். அவர் என்னைத் திட்டவே இல்லை. பெட்டியை மேலே தூக்கி வைத்தவரே அவர்தான்."

நிஷிவாகி போனிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள். செத்தவன் எழுந்து சாப்பிடுவான் என்று மாம்பழம் வைத்துவிட்டு, அவன் தோளுக்குப் பக்கத்தில் மலையும் ஆறும் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள் இந்தப் பெண்!

"மேடம்..." ஒனோதெராவின் குரல் இறங்கியிருந்தது. "நம்ம ரயில்ல சீட்டு தானாத் திரும்பாது."

"திரும்பாது."

ஓகிதானியில் ரயில் வேறு தண்டவாளத்துக்கு மாறி, பின்னோக்கிப் புறப்படும். கடைசிப் பெட்டி முதல் பெட்டியாகிவிடும். அங்கே நின்றதும் பயணிகள் எல்லாரும் எழுவார்கள். சீட்டுக்கு அடியிலிருக்கும் பெடலைக் காலால் அழுத்தி, சீட்டை ஒரு தள்ளு தள்ளித் திருப்பிப் போட்டு, மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பல் தேய்ப்பது மாதிரி அது ஒரு பழக்கம்.

"குசகாபே சீட்டும் மத்த சீட்டு மாதிரியே திரும்பியிருந்துச்சு," என்றாள் நிஷிவாகி. "இவ வரிசையில நிக்கறா. அவர் செத்துக் கெடக்கார். அப்போ திருப்பினது யாரு?"

*

குசகாபேவுக்கு முன் சீட்டில் வந்தவர் உமெஹாரா அம்மாள். போலீஸ் யாரும் நிறுத்தவில்லை. யாருக்காவது தன்னால் ஆகக்கூடியது இருக்குமோ என்று அவராகவே வெயிட்டிங் ரூமில், கையுறையைக் கழற்றாமல் காத்திருந்தார்.

"அந்த சீட்டா? அவருக்குப் பின்னாடி சீட்டுல இருந்தவர்தாம்மா திருப்பினார். என்ன பொறுமைங்கறே... தொட்டில் ஆட்டற மாதிரி மெதுவாத் திருப்பினார், தூங்கறவர் முழிச்சுக்காம. அப்புறம் எங்கிட்ட ஒரு கும்பிடு, 'தொந்தரவுக்கு மன்னிக்கணும்'னு. இந்தக் காலத்துல அப்படி யாரு இருக்கா?"

"முகம் பாத்தீங்களா?"

"மாஸ்க் போட்டிருந்தார். தொப்பியும். நான் வேற கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவ."

"அந்த சீட்டை அவர் திருப்பாம விட்டிருந்தா?"

"நான் என் சீட்டைத் திருப்பிப் போட்டாச்சே. அந்த மனுஷனும் நானும் ஊர் வர்ற வரைக்கும் முட்டிக்கு முட்டி, மூஞ்சிக்கு மூஞ்சி உக்காந்து வந்திருப்போம். எவ்வளவு சங்கடம்."

நிஷிவாகி மெல்லத் தலையாட்டினாள். பின் சீட்டுக்கு மெஷினில் விற்ற டிக்கெட். பேர் கிடையாது. மாஸ்க்கும் தொப்பியும் கழற்றிவிட்டால் முகமும் கிடையாது.

ஆனால் ஒரு குரல் இருக்கிறது. பொய்யாக மொழிபெயர்த்த குரல்...

அதுமட்டும் போதாது. தப்பாகக் காதில் விழுந்தது என்று சொல்லி அகுட்சு தப்பித்துக்கொள்வார்.

*

அகுட்சு திரும்பி வந்தபோது நிஷிவாகி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இனி நீங்க போகலாம் அகுட்சு சார். இவளைக் கைது பண்ணப் போறோம். ரொம்ப உதவியா இருந்தீங்க."

"என்னால முடிஞ்சது." குனிந்தார்.

"ஒரு விஷயம்தான் மனசை அறுக்குது. முன் சீட்டுல ஒரு வயசான அம்மா. ஓகிதானியில எல்லா சீட்டும் திரும்பியிருக்கு, பொணத்தோட சீட்டு மட்டும் திரும்பல. அந்தம்மா வழி பூரா அந்தத் தெறந்த கண்ணைப் பாத்துக்கிட்டே வந்திருக்காங்க. இப்போ நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில. பொழைக்கறது கஷ்டமாம்."

அகுட்சுவின் முகத்தில் ரத்தம் வற்றியது.

"இருக்காது."

"என்ன இருக்காது?"

"அந்தம்மா முகத்தைப் பாத்திருக்கவே முடியாது. தொப்பியை நல்லா இழுத்து விட்டு... சீட்டையும் நான் சரியாத்தானே திருப்பி..."

நின்றுவிட்டார்.

ஒனோதெரா கதவை அடைத்துக்கொண்டு நின்றான்.

"முதல் பெட்டியில வந்தவருக்கு, கொலை நடந்த அஞ்சாம் பெட்டி சீட்டுல என்ன வேலை?" என்றாள் நிஷிவாகி.

அகுட்சு நாற்காலியை ஒழுங்காக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தம்மா நிஜமாவே..."

"நல்லா இருக்காங்க. உங்களை ரொம்பப் புகழ்ந்தாங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த மூச்சில் நிம்மதி இருந்தது. நிஷிவாகிக்கு அதுதான் பயமாக இருந்தது.

"முன்னாடி குசகாபே விடுதியில நான் சமையல்காரன்," என்றார். "என் பொண்ணு அங்கேயே அறை சுத்தம் பண்ணிட்டிருந்தா. அவன் குடிச்சுட்டு வண்டி ஓட்டி, வாசல்லயே அவ மேல ஏத்திட்டான். டிரைவர் மேல பழியப் போட்டான். சாவு வீட்டுக்கு வந்து தரையில நெத்தி படக் கும்பிட்டான். கும்பிட்டுட்டு என்ன சொன்னான் தெரியுமா? 'சீசன் நேரம். விருந்தாளிகளுக்குத் தொந்தரவு இல்லாம முடிச்சுக்கலாமா?'ன்னான்."

அகுட்சு மேஜை விளிம்பிலிருந்த தூசியை விரலால் துடைத்தார்.

"நானும் யாருக்கும் தொந்தரவு இல்லாமத்தான் முடிச்சேன்."

"இவளுக்கு?" நிஷிவாகியின் கை நரிசராவைக் காட்டியது. "இவளும் ஒரு அப்பனுக்குப் பொண்ணுதானே. இவ பையில ஊசியைப் போட்டப்போ இந்த மரியாதையெல்லாம் எங்கே போச்சு?"

"வெளிநாட்டுக்காரிதானே... விசாரிச்சுட்டு ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு நெனச்சேன்."

"அப்படி நெனச்சிருந்தா பொய்யா மொழிபெயர்த்திருக்க மாட்டீங்க."

அகுட்சு சட்டைக் காலரை நேராக்கிக்கொண்டார். நரிசராவின் பக்கம் திரும்பி, எழுந்து, இடுப்பு மடியக் கும்பிட்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உதவி செய்தவராயிற்றே என்று அவளும் கை கூப்பினாள். நிஷிவாகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விலங்கு மாட்டி அழைத்துப் போனார்கள்.

நடந்ததையெல்லாம் போன் தன் உயிரில்லாத குரலில் நரிசராவுக்கு எடுத்துச் சொன்னது. அவள் கேட்டாள். மாம்பழம் வைத்த தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சுருங்கிய குரலில் ஏதோ கேட்டாள்.

"நான் நகோயாவுக்குத் திரும்ப வேண்டும்," என்றது போன். "அடுத்த ரயிலில் எந்த இருக்கை பாதுகாப்பானது?"

நிஷிவாகி கோட்டை எடுத்து அவள் தோளில் போர்த்தினாள்.

"பஸ்ல போம்மா. டிரைவரைத் தவிர யாரும் எதையும் திருப்ப முடியாது."