பெண்களுக்கு மட்டும்

"பாக்கட்டுமே, பார்த்தா நீ என்ன தேஞ்சா போயிடுவ—"

"பால் குடுக்கறதப் பத்திப் பேசறேங்க நான். அத இத்தனை ஆம்பளைங்க உக்காந்து—"

"வீடியோவுக்கு வியூஸ் ஏறுதா இல்லையா, அதச் சொல்லு."

"என்னைக் கொஞ்சம் பேச விடறீங்களா—"

மூச்சு வாங்கக் கணவனும் மனைவியும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள். சாப்பாட்டு மேசையில் கிடந்த போனில் சண்டைக்குக் காரணமான வட்டம் தெரிந்தது. அவளுடைய வீடியோக்களை யார் பார்க்கிறார்கள் என்று அந்தச் செயலி போட்டுக் காட்டும் வட்டம். பெண்களுக்கு ஆரஞ்சு, ஆண்களுக்கு நீலம். போன மாதம் வரை ஆரஞ்சுக்கு நடுவே நூல் மாதிரி நீலம் ஓடும். இப்போது பாதிக்கு மேல் நீலம்.

அவள் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பின்னறையில் ஒரு துணிப் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையை எப்படி அணைப்பது, பால் கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுப்பாள். முகத்தைக் காட்டக் கூச்சம்; கழுத்துக்குக் கீழேதான் கணவர் படம் பிடிப்பார். பிள்ளை பெற்ற பெண்கள் அவளை நர்சம்மா என்று கூப்பிட்டு, அம்மாவிடம் கேட்கக் கூசுவதையெல்லாம் அவளிடம் கேட்பார்கள். சில நாட்களாக ஒரு கேள்விகூட இல்லை.

"ஆம்பளைங்க நடுவுல எந்தப் பொண்ணு வாயத் திறப்பா?"

"சரி தாயே, தூக்கிடுவோம். மீசை வச்சவன்லாம் வெளிய. போதுமா?"

அவர் விரலால் தள்ளத் தள்ள, பின்தொடர்கிறவர்களின் முகங்கள் வந்தன.

"கார்மேல சாஞ்சு நிக்கிறானே, இவன்?"

"அந்தக் கார் அவனுதில்ல, நிக்கிற தினுசுலயே தெரியுது. தூக்குங்க."

சண்டை சிரிப்பாகிவிட்டது. சாயங்காலம் வட்டத்தைப் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. நீலம் இன்னும் பெருத்திருந்தது.

"தூக்கத் தூக்க எப்படிங்க ஏறும்?"

"கணக்குப் பார்க்க அதுக்கு நேரம் வேணாமா? நாளைக்கு மாறும்."

மறுநாள் ஆரஞ்சு ஒரு கீற்றாகிவிட்டது. எரிச்சலில் அவளுக்குத் தலை வலித்தது. இன்னும் நீக்கினார்கள். இன்னும் மெலிந்தது.

அன்று மதியம் பின்னறை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்திருந்தவளுக்கு, எதிர் அடுக்ககத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும், அடுத்த தெருவிலிருந்தும் பச்சைக் குழந்தைகள் அழும் சத்தம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. வார்டில் பழகிய அவள் காது, தாய் எடுத்து அணைத்ததும் அழுகை எந்த இடத்தில் உடையும் என்று அறிந்த காது, அந்த இடத்துக்காகக் காத்திருந்தது. அது வரவேயில்லை. ஒவ்வொரு அழுகையும் அந்த இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அதோடு ஒரு வாசனை. அடிப்பிடித்த பால். ஒரு வீட்டிலிருந்து இல்லை, பல வீடுகளிலிருந்து.

பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடந்த ஒரு சின்னப் பெண்ணின் ஞாபகம் வந்தது. தினமும் எழுதுவாள், திடீரென்று நின்றுவிட்டாள். அவளுடைய பழைய செய்திகளைத் தேடி எடுத்தாள்.

'என் போட்டோ போட்டா வீட்ல திட்டுவாங்க நர்சம்மா. அதான் அவர் படத்தையே வச்சிருக்கேன்.'

செய்திக்குப் பக்கத்தில் அந்தப் படம். ஒருவன் கார்மேல் சாய்ந்து நின்றான்.

மீசைகளையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். கண்ணாடி போட்டவன். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றவன். பாதிப் படத்தை வெட்டி எறிந்த மாதிரி, தோளில் யாருடைய கையோ மட்டும் இருந்தவன். அந்தப் பெண்களைத்தான் அவள் வெளியே தள்ளியிருக்கிறாள்.

செய்தியின் கடைசியில் ஒரு எண் இருந்தது. கூப்பிட்டாள். ஒரு ஆண் எடுத்தான். அவனுக்குப் பின்னால் குழந்தை வீறிட்டது.

"தம்பி, நான் நர்சம்மா பேசறேன். வீட்ல அந்தப் பொண்ணு..."

"எந்தப் பொண்ணும்மா?"

"குழந்தைக்கு அம்மா."

அவன் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுவது கேட்டது.

"இதுக்கு அம்மா கிடையாதுங்களே," என்றான். சோகமாக இல்லை, குழப்பமாகச் சொன்னான். "எப்படி வந்துச்சுன்னே தெரியல. உங்க வீடியோ பார்த்துதான் சமாளிக்கிறேன். எங்க தெருவுல இப்ப எல்லா ஆம்பளையும் அதத்தான் பாக்கறோம்."

அவள் போனை வைத்தாள். முன்னறையில் கணவர் தன் போனில் விரல் தட்டும் சத்தம். நீக்கு. நீக்கு. மிச்சம் இருந்ததையெல்லாம் இன்று முடித்துவிடச் சொல்லியிருந்தாள். அவளேதான் சொல்லியிருந்தாள்.

எழுந்து ஓடினாள்.

அந்தச் செயலியில் அவளுக்கும் தனியாக ஒரு கணக்கு உண்டு. தன் வீடியோக்களைத் தானே பார்க்க, அவருக்குத் தெரியாமல் ஆரம்பித்தது. அதில் அவள் வைத்திருந்தது அவருடைய பழைய படம்.

"அட," என்றார் அவர், தனக்குள்ளேயே. "இது என் மூஞ்சியில்ல? எந்தத் திருட்டுப்பய இது?"

"வேணாங்க. அது நான்."

விரல் இறங்கியது.

போனில் வட்டம் முழுக்க நீலம். ஒரு நூல்கூட மிச்சமில்லை.

அவர் நிமிர்ந்தார். அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார். எதற்காக இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று மறந்துபோனவர் போலத் தலையைச் சொறிந்துவிட்டு, கைக்கு வந்த வீடியோவை ஓட்டினார். பின்னறை. நாற்காலி. யாரும் உட்காராத நாற்காலி. அதற்கு மேலே, எதன்மேலும் படாமல், அந்தத் துணிப் பொம்மை அந்தரத்தில் சாய்ந்து கிடந்தது. பிடித்த கை இல்லை. மடி இல்லை. வெற்றிடத்தில் முகம் புதைத்து, மெல்ல, மெல்ல ஆடியது.

அவர் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அவர் தோளில் கை வைத்தாள்.

"என்னங்க, நான் இங்கதான் நிக்கிறேன்."